கீலுக்கு எண்ணெய் விட்டவனுக்கு

லேப்டாப்பை உடைத்தவன் நீ. மஞ்சுளா இல்லை. சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஆனால் ஆரணியில் நம் தெருவில் யாரைக் கேட்டாலும் உன் பெண்டாட்டிதான் உடைத்தாள் என்பார்கள். படவேட்டுக்காரி, மண்வெட்டி பிடித்த கை, பட்டுக்காரர் வீட்டுச் சாமானைப் பதமாகத் தொடத் தெரியாதவள் என்பார்கள். இந்தப் பேச்சு கிளம்பி ஒரு வருடம் ஆகப் போகிறது. அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நீ பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு இப்போது வெளிநாட்டுக்குப் போகப் பெட்டி கட்டுகிறாய். போன வாரம் எனக்குப் போன் செய்து, “யம்மா, நீயே ஒரு நட படவேட்டுக்குப் போய் அவளக் கூட்டிகினு வந்துடும்மா. விசாவெல்லாம் ரெடியா கீது. ஒரு சின்ன விஷயத்துக்குப் போய் மூஞ்சத் தூக்கிகினு ஒக்காந்துகினு கீறா” என்றாய். அந்தச் சின்ன விஷயம் என்ன என்று உனக்கு மறந்துபோன மாதிரி பேசினாய். அதனால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிக்னல் போய்விட்டது என்பாய். காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

முதலில் அவள் இந்த வீட்டுக்குள் எப்படி வந்தாள் என்பதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உன் காதல் ஜெயித்து வந்தாள் என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேலூரில் படிக்கும்போது நீ அவளைப் பிடித்தாய். உன் அப்பா “அவங்க வேற ஆளுங்க, நாம வேற ஆளுங்க” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். உன் சித்தப்பா, இந்தக் கல்யாணம் நடந்தால் பட்டறை வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். பிறகு ஒரு நாள், அவள் கம்ப்யூட்டரில் துணி டிசைன் போடப் படித்தவள் என்று நீ வாய்தவறிச் சொன்னாய். அது வரைக்கும் நாம் ஒவ்வொரு பார்டருக்கும் காஞ்சிபுரத்தில் கட்டத்தாளில் வரைகிற ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவர் இன்று வா, நாளை வா என்று இழுப்பார். அந்த வாரமே உன் அப்பாவின் சாதி இளகிவிட்டது. சித்தப்பாவும் வாசலை மிதித்தார், கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். உன் காதல் ஜெயிக்கவில்லை. சம்பளம் கேட்காத ஒரு டிசைன்காரி கிடைத்தாள், அவ்வளவுதான். நீ தாலியைக் கட்டி அவளை இங்கே விட்டுவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினாய். சனிக்கிழமை சாயங்காலம் வருவாய், கறிக்குழம்பு சாப்பிடுவாய், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாய். புருஷன் என்று நாங்கள் சொன்னோம். விருந்தாளி என்று சொல்லியிருக்கலாம்.

அவள் வேலை செய்தாள். உன் ஆபீஸ் மூலமாகத் தள்ளுபடியில் வாங்கிய லேப்டாப்பை நடுக்கூடத்து ஜன்னலோரம் ஸ்டூலில் வைத்துக்கொண்டு, காலையில் சமையல் முடித்ததும் உட்காருவாள். காற்றில் கிழிந்த வாழை இலையின் ஓரம் மாதிரி ஒரு பார்டர் போட்டாள். உன் அப்பா பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, மாடு மேஞ்ச மாதிரி கீது” என்று சிரித்தார். அதே பார்டரை அட்டையில் துளையடித்துத் தறியில் ஏற்றிப் புடவை வந்ததும், கடைக்காரர்கள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உடனே உன் அப்பா அதைத் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொன்னார். அவள் மறுத்துப் பேசவில்லை. இந்த வீட்டில் நல்லது நடந்தால் ஆண்கள் யோசனை, கெட்டது நடந்தால் பெண்கள் கை. அது அவளுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்து பல காலம் ஆகிறது.

இனி அந்த நாள். பெங்களூரிலிருந்து பெரிய ஜவுளிக்கடைக்காரர் மகனோடு வந்திருந்தார், கல்யாண சீசனுக்குப் புதிய டிசைன் பார்க்க. கூடத்தில் வெள்ளைத்துணி விரித்துப் புடவைகளைப் போட்டிருந்தார்கள். உன் அப்பா, சித்தப்பா, தறி மேஸ்திரி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நீயும் இருந்தாய், உள்வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு. “ஏம்மா, அந்தப் பொட்டிய எடுத்துகினு வா, டிசைன் காட்டு” என்று உன் அப்பா குரல் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, மூடியைத் திறந்தாள். படக் என்று ஒரு சத்தம். இடது மூலையில் பிளாஸ்டிக் பிளந்து கீல் வெளியே வந்துவிட்டது. திரையில் கோடு கோடாக ஓடி, அப்புறம் கறுத்துப்போய்விட்டது. கடைக்காரர், “என்னங்க, பட்டு மட்டுமில்ல, உங்க கம்ப்யூட்டரும் சாயம் போவுது போல” என்றார். அவர் மகன் சிரித்தான்.

உன் அப்பாவுக்கு நஷ்டம்கூடப் பொறுக்கும், வியாபாரி சிரித்தால் பொறுக்காது. “ஏர் புடிச்ச கைக்கு இதெல்லாம் எங்கங்க தெரியும்? ஒரு மம்பட்டியக் குடுத்திருந்தா நல்லா புடிச்சிருப்பா” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. மேஸ்திரிகூடச் சிரித்தான், அவன் தங்கச்சியைக் கொடுத்ததே படவேட்டுப் பக்கம்தான். மஞ்சுளா நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அவள் உன்னைத் திட்டுகிறாள் என்று அன்றைக்கு நான் நினைத்தேன். இல்லை. நீ வாயைத் திறப்பாய் என்று காத்திருந்தாள். நீ திறக்கத்தான் திறந்தாய். “மெதுவாத் தெறன்னு எத்தினி வாட்டி சொல்லிகீறேன் இவகிட்ட” என்றாய். சித்தப்பா, “வாரண்டி இருக்குமில்லடா?” என்று கேட்டார். “அது போன மாசமே முடிஞ்சிபோச்சி சித்தப்பா. டைட்டா இருக்குன்னு இவ நேரத்துல சொல்லியிருந்தா எடுத்துகினு போயிருப்பேன்” என்றாய். எவ்வளவு சரளமாக வந்தது உனக்கு! அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக.

அடுத்த நாளிலிருந்து டிசைன் வேலை மறுபடி காஞ்சிபுரத்துக்குப் போனது. “நீ சமையக்கட்டப் பாரும்மா, அதுல ஒடையறதுக்கு ஒண்ணுமில்ல” என்றார் உன் அப்பா. அவள் பார்டரை வைத்தே பணம் பார்த்த மனுஷன் இதைச் சொன்னார். சாப்பிட வருகிற உறவுக்காரர்களெல்லாம் டம்ளரை அவள் கையில் கொடுக்கும்போது “பாத்துமா, பாத்து” என்று கிண்டல் செய்தார்கள். அவள் கொஞ்ச நாள் பொறுத்தாள். ஆடி மாதம் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. நீ ஒரு தடவை போய் அழைத்தாயாம். கோயில் வாசலில் நின்று பேசிவிட்டு, வீட்டுக்குள்கூடப் போகாமல் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாயாம்.

உடைந்த பெட்டி பீரோ மேல் கிடந்தது. அதற்குள் அவள் போட்ட டிசைன் எல்லாம் இருக்கிறதே, அதையாவது அவளிடம் கொடுத்துவிடலாம் என்று நான் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேலூரில் இருக்கிற கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, சில்லென்ற காற்று, கழுத்தில் அட்டை மாட்டின ஒரு பையன். பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நம்பரை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், இது அவுட் ஆஃப் வாரண்டி” என்றான். உடைஞ்ச இடத்தை ஒட்டித் தர முடியுமா என்றேன். முழு மேல்பக்கமும் மாற்ற வேண்டும், அந்தப் பாகம் இப்போது வருவதில்லை, புதிதாக வாங்கிவிடுவது நல்லது என்றான். ஒரு கீல் பிய்ந்ததற்குத் தலையையே வாங்கச் சொல்கிற கடை அது. ஒரு வருடம் தாங்குகிற மாதிரி செய்து, அதற்குமேல் எது உடைந்தாலும் கையாண்டவர்கள் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். இந்த மாதிரி கம்பெனிக்காரர்கள் உன்னை ஏன் வேலைக்கு எடுத்தார்கள் என்று அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற பாபுவிடம் போனேன். அவன் வாய்க்கு வரி போட்டால் நகராட்சி நம் தெருவுக்கு சிமெண்ட் ரோடே போட்டுவிடலாம். “இதெல்லாம் எனக்கு ஜுஜூபிக்கா, டீ குடிச்சிட்டு வா, ரெடியா இருக்கும்” என்றான். நான் டீ குடிக்கப் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்தேன். திருகாணிகளைக் கழற்றித் திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பி எடுத்தவன், மூக்கைச் சுருக்கினான்.

“யக்கா, இதுக்கு யாரு எண்ணெ ஊத்தனது?”

“எண்ணெயா?”

“மோந்து பாரு. தறி எண்ணெ. இன்னாக்கா, இதுல பவர்லூம் ஓட்டிகினு இருந்தீங்களா?”

மோந்து பார்த்தேன். நம் தறிக்கொட்டகை வாசனை. பிறகு அவன் காட்டினான். இந்தக் கீல் கதவுக் கீல் மாதிரி இல்லை. இறுக்கமாக இருந்தால்தான் திரை வைத்த இடத்தில் நிற்கும், எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிடும். “சாஞ்சதும் யாரோ கட்டிங் பிளேயரப் போட்டு நட்ட முறுக்கோ முறுக்குன்னு முறுக்கிகீறான். பாரு, பல்லு பட்டிருக்குது. அப்பறம் கீலு எங்கருந்து மடங்கும்? தெறக்கத் தெறக்க பிளாஸ்டிக்கத்தான் பிச்சிகினு வரும். யாரு தெறந்திருந்தாலும் ஒடைஞ்சிதான் இருக்கும்கா.” சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான். “இத்தப் பண்ண மகராசன நம்ம கடைக்கு அனுப்புக்கா. ஊர்ல கீற கம்ப்யூட்டரெல்லாம் இப்டி ரெடி பண்ணிக் குடுத்தான்னா எனக்கு யாவாரம் பிச்சிக்கும்.”

அந்த மகராசன் யார் என்று நான் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பட்டைத் தொடுகிறவர்கள் எண்ணெய்க் கேனைத் தொடக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். புடவை மடிக்கிற நான் தொட்டதில்லை, மஞ்சுளாவும் தொட்டதில்லை. கொட்டகைச் சாவி ஆண்கள் இடுப்பில்தான் இருக்கும். உன் அப்பா அந்த லேப்டாப்பை விரலால்கூடத் தொட்டதில்லை, ஷாக் அடிக்கும் என்று பயம். சித்தப்பாவும் மேஸ்திரியும் அதன் பக்கமே போனதில்லை. மிச்சம் நீ. கீச்சென்று எது கத்தினாலும் ஒரு சொட்டு எண்ணெய் விடு என்றுதான் இந்த வீட்டில் நீ நடக்கிறதற்கு முன்பே கற்றுக்கொண்டாய். பெங்களூரில் எத்தனை வருடம் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தினாலும், அது கத்தினதும் கொட்டகைக்குத்தான் ஓடினாய். அதில் எனக்குக் கோபமில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருமே அதைத்தான் செய்திருப்பார்கள். அதற்குப் பிறகு செய்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பாபுவின் முதல் வேலை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வாய்ப்பேச்சில் பசையைத் தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டான், வீட்டில் திறந்ததும் மறுபடி பிய்ந்தது. நான் கடை வாசலில் நின்று அவனை நாலு பேர் கேட்கிற மாதிரி கேட்டேன். அப்புறம் ஒழுங்காகச் செய்தான். எண்ணெயைத் தின்னர் போட்டுத் துடைத்தான், நட்டைத் தளர்த்தி, திரை தானாகச் சாயாமலும் முரண்டு பிடிக்காமலும் இருக்கிற அளவுக்கு வைத்தான். திருகாணி பிடிக்கிற பிளாஸ்டிக் குமிழ் தூளாகிவிட்டதால், மூடியிலேயே துளை போட்டு வெளியிலிருந்து சின்ன போல்ட்டு விட்டு முடுக்கினான். நசுங்கியிருந்த ஒயரை நேராக்கினதும் திரையும் வந்துவிட்டது. மூடி மேல் இரண்டு போல்ட்டுத் தலை அசிங்கமாகத் தெரிகிறது. இருக்கட்டும். திறக்கிறது, மூடுகிறது, நிற்கிறது.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? முதலில் எந்த எண்ணெய் என்றாய். தறி எண்ணெய் என்றேன். “ஒரு சொட்டுதாம்மா வுட்டேன். கீச்சு கீச்சுன்னு கத்திகினு இருந்துச்சி” என்றாய். அப்போது வாரண்டி இருந்ததே, ஏன் எடுத்துக்கொண்டு போகவில்லை என்றேன். “ஆபீஸ் மூலமாத்தாம்மா குடுக்கணும். தொறந்து பாத்தா எண்ணெ தெரியும். லேப்டாப்புக்குத் தறி எண்ணெ வுட்டான்னு சிரிப்பாங்கம்மா எல்லாம்.” கீல் இறுகிக்கொண்டே வருகிறது என்று அவள் வாராவாரம் சொன்னாளா என்றேன். சொன்னாள் என்றாய். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நீயே வாரண்டியை முடித்துவிட்டு, அவள் நேரத்தில் சொல்லவில்லை என்று கூடத்தில் நின்று சொன்னாய். உன் ஆபீஸில் நாலு பேர் உன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காக, ஊரே அவளைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டாய். கடைசியில், “அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா” என்றாய். இந்த வயதில், மீசை வைத்துக்கொண்டு.

நீ இப்படிப் பிறக்கவில்லை. நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, உன் அப்பா பவர்லூமுக்கு எண்ணெய் விட்டபோது கை நழுவித் தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் முழுக்கச் சிந்திவிட்டது. அந்தப் பழி நூல் சுற்ற வந்த நாகம்மா மேல் போனது. தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தடவிக்கொண்டு வந்து பட்டைத் தொட்டாள் என்றார். அவளை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். நாம் சாப்பிட உட்கார்ந்தபோது நீ, “எப்பா, நீதான ஊத்தன, நான் பாத்தேன்” என்றாய். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் நான். உன் அப்பா அடித்த அடியில் உன் உதடு கிழிந்தது. அந்த ஒரு அடியில் நீ இவ்வளவு கற்றுக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ அடிக்கு மூன்றாம் வாய்ப்பாடு உனக்கு ஏறவில்லையே.

நீ சொல்லாதே என்றாய், நான் சொன்னேன். அடுத்த வேளைச் சாப்பாட்டின்போது உன் அப்பாவிடம் எண்ணெய், பிளேயர், பாபு, வாரண்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. “மருமவளுக்கு வக்காலத்து வாங்கிகினு வந்துட்டியா? எம் புள்ள எங்கிட்ட சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்” என்றார். அவருக்கு நான் சொல்வதும் பெண்பேச்சு, அவள் சொன்னாலும் பெண்பேச்சு. எண்ணெய்க் கறையைக் காட்டினால் எண்ணெய்கூட அவள் ஊற்றியதாகிவிடும். உன் வாய் ஒன்றுதான் இந்த வீட்டில் செல்லும். அந்த வாயை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய்? பீட்சா தின்கிறாய்.

நீ கேட்டபடி படவேட்டுக்கும் போனேன். காலை பஸ்ஸை விட்டுவிட்டதால் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. மஞ்சுளா அவள் அப்பாவோடு தோப்பில் வாழை இலை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைக் கையில் கொடுத்தேன். சேலையில் கையைத் துடைத்துவிட்டு, மூடியை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்தாள். போல்ட்டுத் தலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் போட்டிருக்காங்க” என்றாள். நீ எண்ணெய் விட்டது அவளுக்கு அன்றைக்கே தெரியுமா என்றேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றாள். “அப்பறம் ஏன் கூடத்துல வாய மூடிகினு நின்ன?” என்றேன்.

“அவரு சொல்வாருன்னு பாத்தேன் அத்தை.”

விசா வந்துவிட்டது, நீ அவளைக் கூப்பிடுகிறாய் என்று சொன்னேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. “மாமாகிட்ட அவரு வாயால சொல்லட்டும் அத்தை. சித்தப்பாவும் இருக்கணும். அன்னிக்கு யாரு யாரு சிரிச்சாங்களோ, ஊர்ல இருக்கிறவங்க மட்டுமாவது இருக்கணும்” என்றாள். “சொன்னா வருவியா?” என்றேன். “மொதல்ல சொல்லட்டும்” என்றாள். இலைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அவள் கேட்டது நகை இல்லை, தனிக்குடித்தனம் இல்லை, மன்னிப்புக்கூட இல்லை. தன் பேரில் ஏற்றிய ஒரு பொய்யை, ஏற்றினவனே இறக்க வேண்டும் என்கிறாள். இதைவிட மலிவாக எந்தப் பெண்ணும் உனக்குக் கிடைக்க மாட்டாள். அது உனக்கு இவ்வளவு கனமாக இருந்தால், அங்கே உனக்குச் சோறாக்கிப் போட அவளைக் கூப்பிடாதே. ஓட்டலில் தின்.

கடிதத்தை இங்கே முடித்துத் தபாலில் போட்டிருப்பேன். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உன் அப்பாவும் சித்தப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், மேஸ்திரியும் கூலிக்கணக்கு பார்க்க வந்திருந்தான். அன்றைக்குச் சிரித்தவர்கள் இதைவிட ஒழுங்காக ஒரே இடத்தில் கிடைக்க மாட்டார்கள் என்று உனக்குப் போன் போட்டேன். எடுத்தாய். “ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்டா. அப்பா, சித்தப்பா, மேஸ்திரி எல்லாம் பக்கத்துல கீறாங்க. லேப்டாப்புக்கு எண்ணெ வுட்டது யாரு?” என்றேன். நீ “அம்மா” என்றாய். போனை வைத்துவிடவில்லை. உன் அறையில் டிவி ஓடுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டான். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். நீ மூச்சு விடுவதும் கேட்டது. உன் அப்பா என் கையிலிருந்த போனை வாங்கி, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதட்டல் இல்லாத, நான் அவரிடம் இதுவரை கேட்காத ஒரு குரலில் கேட்டார்.

“சொல்லுபா. யாரு வுட்டது?”